பன்னெண்டாம் நம்பர் மட்டும்

ஐயய்யோ, வேணாம் தம்பி, அந்தத் துணிய உள்ள வைங்க. எஞ்சின் குழாயத் தொடைக்க வேணாம். தெரியும், கறை கறையாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். நீங்க வந்தது பேட்டரிக்கு, பேட்டரியப் பாருங்க. அந்த ஸ்பிரிட் பாட்டில இப்படிக் குடுங்க, நான் வச்சுக்கறேன். இல்ல இல்ல, கோவமெல்லாம் இல்ல. என் குரலே இப்படித்தான். முப்பத்தோரு வருஷம் லைப்ரரியில வேலை பாத்தவ. குட்மார்னிங் சொன்னாக்கூட புஸ்தகத்தத் திருப்பிக் கேக்கற மாதிரி இருக்குன்னு சொல்வாங்க.

சட்டையில என்ன பேரு போட்டிருக்கு? டெவீட்டா. சரியாச் சொல்றேனா? டோங்கா தீவுக்காரரா? நெனச்சேன். என் பேரு மெரிடித்.

விஷயம் இதுதான் டெவீட்டா. மூணு மணிக்கு பல்லாரட்லேருந்து பிம்னு ஒருத்தர் ட்ரெய்லரோட வராரு. இந்த டாட்சன் கார அவருக்கு வித்தாச்சு, ஏத்திட்டுப் போயிருவாரு. அதுக்குள்ள இது ஓடணும். ரோட்டுலல்லாம் இல்ல. இங்கயே, ஷெட்டுக்குள்ளயே, நின்ன இடத்துல. பதினஞ்சு நிமிஷம் ஓடி அந்த ஆறு குழாயும் நல்லா சூடேறணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். இப்ப மணி என்ன, பதினொண்ணேகாலா? போதும்.

நீங்களும் அதையே கேக்கறீங்க, எதிர்வீட்டு ஸ்வோன்கோவும் அதையேதான் கேட்டாரு. ட்ரெய்லர்ல போற வண்டி எதுக்கு ஓடணும்னு. பிம்முக்கு ஓட வேணாம். போன்லயே சொல்லிட்டாரு. மேடம், நீங்க ஒண்ணுலயும் கை வைக்காதீங்க, புதுக் குழாயப் பெட்டியோட குடுங்க, நான் பளபளன்னு பாலிஷ் போட்டு மாட்டிக்கறேன்னாரு. நல்ல மனுஷன்தான். மேடம்ங்கறப்போ மட்டும் எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சுக் கத்தறாரு. ஜனவரி பூரா குடும்பத்தோட கடற்கரையில இருப்பேன், பிப்ரவரியில வந்து எடுத்துக்கறேன்னாரு. சரின்னு போன வச்சேன். வச்ச கையோட ஸ்பானர் பொட்டியத் தொறந்தேன்.

ஆமா, நான்தான். யாரு மாட்டினாங்கன்னு சுத்திச் சுத்திப் பாக்க வேணாம். இந்த ஷெட்டுல நானும் அந்தச் சிலந்தியும்தான். ஸ்வோன்கோ ஒத்தாசைக்கு வரேன்னாரு, கையில சுத்தியலோட. அவருக்கு எந்த வேலையா இருந்தாலும் சுத்தியல்தான். வேணாம்னுட்டேன்.

டீ எடுத்துக்குங்க. பால் ஊத்தியிருக்கேன். பிஸ்கட்ட நனைச்சுச் சாப்பிடறதுன்னா சாப்பிடுங்க, நான் பாக்கல.

பழசு எங்கயா? நீங்க இப்பத் தாண்டிட்டு வந்தீங்களே, ஷெட்டுக் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கேனே, அந்தத் துருப்பிடிச்ச வார்ப்பிரும்பு, அதுதான் பழசு. குறுக்க ஒரு விரிசல். போன ஜூலைக் குளிர்காலத்துல வண்டி ஒருவழியா ஓடினப்போதான் நெவில் அதக் கண்டுபிடிச்சாரு. நெவில் என் வீட்டுக்காரர். எஞ்சின் விடற மூச்சு விரிசல் வழியா ஒழுகுது மெரி, புதுசா எக்ஸ்ட்ராக்டர் போட்டுருவோம், ஒரு சனி ஞாயிறு வேலைன்னாரு. எக்ஸ்ட்ராக்டர்னா புகை போற இந்த ஆறு குழாய்தான், அமெரிக்காக்காரங்க இதுக்கு ஹெடர்ங்கறாங்க. அந்தப் பெட்டியில ஒரு பக்கம் ஹெடர்னும் இன்னொரு பக்கம் எக்ஸ்ட்ராக்டர்னும் போட்டிருந்துச்சு, நான் பேனாவால ஒண்ண அடிச்சு வச்சேன். ஒரு சனி ஞாயிறுன்னா எவ்வளவு நாள்னு எனக்கு நல்லாத் தெரியும். வண்டி வாங்கினப்பவும் ஒரு சனி ஞாயிறு வேலைன்னுதான் சொன்னாரு. பத்தொம்பது வருஷம் போர்வைக்குள்ள இருந்துச்சு.

அவரா? அவரு போன அக்டோபர்ல போயிட்டாரு.

வேணாம், ஒண்ணும் சொல்ல வேணாம் டெவீட்டா. எல்லாரும் சொல்லியாச்சு. அக்கம்பக்கத்துலேருந்து ஏழு தட்டு லசான்யா சாப்பாடு வந்துச்சு. ரெண்டு இன்னும் ஃப்ரீசர்ல இருக்கு, வேணும்னா போறப்போ ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. ஒரு வியாழக்கிழமை. ஹார்டுவேர் கடை கார் பார்க்கிங்ல, ட்ராலிய எடத்துல விட்டுட்டுத் திரும்பி வரப்போ. ட்ராலிய விட்டுட்டுத்தான் விழுந்தாரு, அதுல அவரு ஒழுங்கு. வாங்கின பையப் போலீஸ்காரப் பொண்ணு கொண்டாந்து குடுத்துச்சு. துரு எளக்கற எண்ணெய் ஒரு டின். நல்ல எண்ணெய். பன்னெண்டு பழைய நட்டுல பதினொண்ணு அதாலதான் கழண்டுச்சு.

பன்னெண்டாவதா? அது காத்து உள்ள போற இன்லெட்டுக்கு அடியில, ஒரு சந்துக்குள்ள. யாரு விரலும் போகாது. நெவில் இருந்தா போயிருக்கும். இடது கை ஆள்காட்டி விரல்ல அவருக்கு மேல்கணு கெடையாது, புல்வெட்டற மிஷின் எடுத்துக்கிச்சு. இந்த மாதிரி சந்துக்குள்ள போகத்தான் கடவுள் இதக் கத்தரிச்சு விட்டாருன்னு சொல்லிக்குவாரு. கடவுள் இல்ல, மிஷின நிறுத்தாம நீங்க கைய விட்டதுதான்னு நான் சொல்வேன். அந்த நட்டுக்கு எனக்கு நாலு நாள் ஆச்சு.

கையுறையா? இது பழக்கம். லைப்ரரியில பழைய வரைபடமெல்லாம் எடுக்கறப்போ போடுவோம். ஆமா, மூணு டப்பா தீந்துச்சு. நீங்க கவனிக்கற ஆளுதான்.

இதோ பாருங்க, இதுதான் குழாயோட கூட வந்த செய்முறைத் தாளு. பதினாலு நம்பர். ஆறுக்கப்புறம் எட்டு. ஏழு இல்ல. வேற யாரா இருந்தாலும் எட்டுக்குத் தாண்டியிருப்பாங்க. நான் மூணு நாள் ஆறுலயே நின்னுட்டேன். காலையில வரேன், பாய விரிச்சு வண்டிக்கு அடியில படுக்கறேன், ஏழுல என்ன சொல்லியிருப்பான்னு யோசிக்கறேன், சாயங்காலம் எந்திரிச்சுப் போறேன். கான்கிரீட் தரையில படுத்துப் படுத்து தோளு ரெண்டும் மரத்துப் போச்சு. இப்பவும் இந்தக் கையில சூடு சரியாத் தெரியல, டீக் கோப்பைய இப்படிப் பிடிச்சிருக்கேன் பாருங்க. அப்புறம் லைப்ரரிக்குப் போயி வேற புஸ்தகம் எடுத்துப் பாத்தா, ஏழே கெடையாது. எண்ணத் தெரியாதவன் போட்ட தாளு. அவ்வளவுதான்.

ஆனா ஒண்ணு சொல்றேன், இந்தத் தாள் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு இன்னொரு தாளு குடுத்துச்சு, மடிச்ச தாளு, வெளியில புறா படம் போட்டு. துக்கத்துல அஞ்சு கட்டம் உண்டாம். எந்தக் கட்டத்துக்கு எத்தன மணி நேரம்னு போடல. என்ன கருவி வேணும்னும் போடல. இந்தத் தாளப் பாருங்க. பதினாலு மில்லிமீட்டர் ஸ்பானர், நடுவுலேருந்து ரெண்டு பக்கமும் முறுக்கணும், மொதல்ல பாதி, அப்புறம் முழுசு. ஒரு மனுஷி இத வச்சுக்கிட்டு ஒரு நாளத் தள்ளலாம்.

பேட்டரிக்குக் கொக்கி மாட்டியாச்சா? சிவப்பு அதுல, கறுப்பு இதுல. சரி, நான் உக்காந்து சாவியத் திருப்பறேன்.

சுத்துது. சுத்துது. பத்திக்கல.

இன்னொரு தடவையா? இருங்க. இல்ல, பத்திக்கவே இல்ல. என்னது, கழண்டு கெடக்கா? அட, ஆமா. தீப்பொறி குடுக்கற காயில் வயர நான்தான் கழட்டினேன். நாள்பட நின்ன எஞ்சின மொதல்ல பத்த விடாம வெறுமன சுத்தி எண்ணெய மேல ஏத்தணும்னு புஸ்தகத்துல இருக்கு. மறுபடி மாட்டுன்னு அடுத்த பக்கத்துல போட்டிருக்கான். பக்கத்தத் திருப்பறதுக்குள்ள பேட்டரி தீந்துருச்சு. மாட்டிருங்க. நல்ல வேளை, நீங்க இருந்தீங்க.

கைய உள்ளயே கழுவிக்கலாம், நேராப் போங்க, இடது பக்கம். துண்டு வச்சிருக்கேன்.

வந்துட்டீங்களா? ஆமா, எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. வீடு ரொம்ப சுத்தம்.

உங்க ரேடியோ கூப்பிடுது. வேற வண்டியா? பத்து நிமிஷம் ஆகும்னு சொல்லுங்க. சொல்லிட்டீங்களா? நன்றி.

அட, மறுபடி அந்தக் குழாயவே பாக்கறீங்க. கை துறுதுறுங்குது உங்களுக்கு.

நீங்க சொல்றது சரிதான். இது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலு. மொதத் தடவ சூடாகறதுக்கு முன்னாடி கைரேகையெல்லாம் ஸ்பிரிட் போட்டுத் தொடைச்சிரணும். இல்லாட்டி அந்தப் பிசுக்கு அப்படியே வெந்து உலோகத்துல எறங்கிரும், அப்புறம் எத வச்சுத் தேச்சாலும் போகாது. பன்னெண்டாம் நம்பர். தாளுலயே அது ஒண்ணுதான் கொட்டை எழுத்து. பிம்மும் அதத்தான் சொன்னாரு, வந்ததும் மொத வேலையா எல்லாத்தையும் தொடைச்சிருவேன்னு.

படிக்காம இல்ல. எல்லாத்தையும் படிச்சேன், இல்லாத ஏழாம் நம்பரையும் சேத்து.

அது என் கை இல்ல டெவீட்டா. செப்டம்பர்ல பெட்டி வந்த அன்னிக்கே நெவில் அதப் பிரிச்சு, வெண்ணெய் தடவின ரொட்டியத் தின்னுட்டு அதே கையோட குழாயத் தூக்கிட்டு வந்து எஞ்சினோட ஒட்ட வச்சுப் பாத்தாரு. கூட வந்த கேஸ்கட்டு வேற வண்டியோடது. திட்டிக்கிட்டே மறுபடி பெட்டியில வச்சு மூடினாரு. சரியான கேஸ்கட்டு அடக்கம் முடிஞ்ச செவ்வாய்க்கிழமை தபால்ல வந்துச்சு. அந்த மூணாவது குழாயப் பாருங்க, வளையற எடத்துல. எண்ணுங்க. நாலு விரல் முழுசா இருக்கா? அஞ்சாவது பாதியில நிக்குதா? அதுதான்.

அடக்கத்துக்கு மறுநாள் எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. வீட்டத் தொடைச்சேன். எனக்குத் தெரிஞ்ச வேலை அது. ஃப்ரிட்ஜ் கதவு, லைட் சுவிட்சு, டிவி ரிமோட்டு, பின்கட்டுக் கண்ணாடிக் கதவு, அவரோட மூக்குக் கண்ணாடி. இதே ஸ்பிரிட்டுதான், ரெண்டு பாட்டில். குளியலறைக் கண்ணாடிய முடிச்சுட்டுத் துணியப் பிழியறப்போதான் தோணிச்சு, என்ன பண்ணிட்டிருக்கேன்னு. ஓடிப்போய் ஒண்ணொண்ணாப் பாத்தேன். டார்ச் அடிச்சுப் பாத்தேன். ஒண்ணுகூட விட்டு வைக்கல. நான் நல்லாத் தொடைப்பேன்.

பெட்டி ஷெட்டுல இருந்துச்சு. ஷெட்டுக்குள்ள அப்பல்லாம் நான் வரதில்ல, அதனால தப்பிச்சுது.

என்கிட்டயே வச்சுக்கலாம்தான். வச்சுக்கிட்டா என்ன ஆகும்? மறுபடி போர்வைதான். எனக்கு கியர் வண்டி வராது. பிம் ஓட்டுவாரு. போற எடத்துக்கெல்லாம் அந்தக் கைரேகையும் போகும். எத்தன தேச்சாலும் போகாது. அவரு கேட்டா, லைப்ரரிக்காரிக்கு வேலை தெரியலன்னு சொல்லிருங்க, எனக்கு ஒண்ணும் இல்ல.

ஆறாவது குழாய்ல மட்டும் ஒண்ணு என்னோடது. அந்த சந்து நட்டுல கையுறை கிழிஞ்சு கட்டை விரல் பட்டுருச்சு. தொடைக்கலாம்னு துணிய எடுத்தேன், அப்புறம் வச்சுட்டேன்.

சரி, கதவ நல்லாத் தொறந்து விடுங்க. மொதல்ல புகை வரும், பயந்துறாதீங்க, அதுவும் தாள்ல இருக்கு, பதிமூணாம் நம்பர். கொக்கி கெட்டியா இருக்கா? கையத் தள்ளி வச்சுக்குங்க.

திருப்பறேன்.