கரியடுப்பும் ஒரு பாத்திரம் தண்ணீரும்

பாலைவனத்துக்கும் சாப்பாட்டுக்குப் பிறகு தரும் இனிப்புக்கும் ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். இனிப்புக்கு ஒரு 'எஸ்' கூடுதல். இன்னொரு கரண்டி கேட்கத் தோன்றுவதால் இன்னொரு எஸ் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். பலர் குழப்பிக்கொள்வார்கள். உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் ஓட்டல் விளம்பரத்தில்கூட, சாப்பாட்டுடன் பாலைவனம் இலவசம் என்றுதான் அச்சடித்திருக்கிறார்கள், ஐயா. வந்து உட்கார்ந்ததிலிருந்து அது என் கண்ணை உறுத்துகிறது.

வார இதழின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் என்னுடையவை. ஒன்றில் குழப்பும் ஆங்கிலச் சொற்கள், ஜோடி ஜோடியாக. இன்னொன்றில் துணுக்குச் செய்திகள். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். வோம்பாட் என்ற பிராணி கட்டி கட்டியாக, சதுரமாகச் சாணி போடும். சிரிப்பாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றையும் நூலகத்தில் உட்கார்ந்து சரிபார்த்த பிறகுதான் எழுதுவேன். பெயர் போட மாட்டார்கள். அது இதழின் வழக்கம், நான் குறை சொல்லவில்லை.

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவள் என் தங்கை ஒருத்திதான். அவள்தான் தட்டச்சு செய்து கொடுப்பாள். அவள் கணவர், என் மாப்பிள்ளை, வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துபவர். நல்ல குரல். தட்டச்சான தாள்கள் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடக்கும். இதழ் வெளிவருவதற்கு முன்பே என் துணுக்குகள் அவர் வாயிலிருந்து வெளிவந்துவிடும்.

ஒருநாள் முடிதிருத்தும் கடையில் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டே கடைக்காரர் என்னிடம் சொன்னார். "சார், ஒரு பிராணி சதுரமா சாணி போடுமாம், தெரியுமா? ரேடியோக்காரர் சொன்னாரு. மனுஷன் எவ்வளவு படிச்சிருப்பாரு பாருங்க." நான் தலையாட்ட முடியாத நிலையில் இருந்தேன். அன்று வயிறு எரிந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

மாப்பிள்ளையிடம் கேட்டேன். சிரித்தார். "உண்மைக்கு யாரு மச்சான் ஓனரு? ஆக்டோபஸ் என்ன நீங்க வளர்க்கிற நாயா?" தங்கையும் சிரித்தாள். அவர் பக்கம் தாளை நகர்த்தி வைப்பதே அவள்தான் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு சொல் உண்டு. அடுத்தவனுடையதைப் பார்த்து ஏங்குவது ஒன்று, தன்னுடையதைப் பறிகொடுக்க மாட்டேன் என்பது இன்னொன்று. என்னுடையது இரண்டாவது.

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். யோசித்துப் பார்த்தேன். உண்மைக்குச் சொந்தக்காரன் கிடையாது. பொய்க்கு உண்டு. எங்கள் தொழிலில் இது பழைய வழக்கம். வரைபடம் போடுகிறவர்கள் இல்லாத ஒரு தெருவை வரைந்து வைப்பார்கள். அகராதி போடுகிறவர்கள் இல்லாத ஒரு சொல்லைச் சேர்ப்பார்கள். வேறொருவர் புத்தகத்தில் அது முளைத்தால் திருடன் அகப்பட்டான்.

தங்கைக்குக் கொடுத்த தாளில் ஒரு பொய்யைச் சேர்த்தேன். அச்சுக்கு முன் திருத்தத்துக்கு வரும் இதழின் மெய்ப்புத் தாளில் அதை நானே அடித்து நீக்கிவிட்டேன். ஒட்டகச்சிவிங்கிக் குட்டிக்கு முதல் நாளில் கண் நீலமாக இருக்கும் என்ற பொய் அது. மாப்பிள்ளை அதை வாசித்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. முடிதிருத்துபவர் அதையும் என்னிடம் வியந்து சொன்னார். பாதிப்பில்லாத பொய் யாரையும் பிடித்துக் கொடுக்காது என்பது அப்போதுதான் புரிந்தது. கேட்டவர்கள் செய்து பார்க்கிற மாதிரி ஏதாவது வேண்டும்.

குளிர் காலம். மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. ஊரில் பலர் கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தார்கள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு கரி எரித்தால் வாசனையே இல்லாத ஒரு நச்சுக்காற்று சேரும், ஆளைக் கொல்லும். இது உண்மை, சரிபார்த்தேன். பக்கத்தில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்தால் அந்தக் காற்றைத் தண்ணீர் இழுத்துக்கொள்ளும் என்று எழுதினேன். அது பொய், என்னுடையது. யாராவது ஒருவர் மயங்கி விழுந்தால் போதும், வானொலிக்காரர்கள் விசாரிப்பார்கள், அந்தத் துணுக்கு எந்த இதழிலும் இல்லை என்று நான் காட்டுவேன் என்று கணக்குப் போட்டேன். யாராவது என்றால், எனக்கு முகம் தெரியாத யாராவது.

அவர் வாசித்த அன்று மதியம் தங்கை போன் செய்தாள். மாப்பிள்ளை வெளியூரில் ஒரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தார். பின்னால் குழந்தை இருமுவது கேட்டது.

"அண்ணா, கரண்டு போயி ரொம்ப நேரமாச்சு. பாப்பாவுக்குக் குளிர் தாங்கல. ஜன்னலெல்லாம் சாத்திட்டேன். அந்தக் கரியடுப்பு, தண்ணி விஷயம் நீ எழுதினதுதானே? நெசந்தானே?"

"நான் எழுதினதுதான்" என்றேன்.

"அப்பாடா. டைப் பண்றப்பவே கேக்கணும்னு நெனச்சேன். வச்சிடறேன்."

போனை வைத்துவிட்டு நான் அடுத்த வாரக் கட்டத்தை எழுதி முடித்தேன். திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கையை நீட்டினால் போன். கூப்பிட்டிருந்தால் மாப்பிள்ளைக்கு விஷயம் தெரிந்திருக்கும், அத்தனை நாள் உழைப்பு வீண்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தார்கள். குழந்தை கதவிடுக்கின் ஓரமாகத் தூங்கியிருந்ததால் பிழைத்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் பாத்திரம் இருந்தது. தங்கை பெரிய பாத்திரமாகப் பார்த்து, விளிம்பு வரை நிரப்பியிருந்தாள். ஆஸ்பத்திரியில் குழந்தை என்னைப் பார்த்ததும், "மாமா, புதுசா ஒண்ணு சொல்லு" என்றாள். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்றேன். "அது பழசு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் பேசாமல் இருந்திருப்பேன், ஐயா. ஆனால் மாப்பிள்ளை இந்த ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் என்ன சொன்னார் என்று கேள்விப்பட்டேன். என் பெயரை எடுக்கவே இல்லையாம். "நான்தான் சொன்னேன். எங்கேயும் படிக்கல, நானா சொன்னேன். என் பொண்டாட்டிய நானே கொன்னுட்டேன்" என்று அழுதாராம். துக்கத்தில் சொன்னார் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் பாருங்கள், அதையும் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டார். அவருக்கு அதில் ஒரு சொல்கூடச் சொந்தமில்லை. கரியடுப்பு நான் எழுதியது. தண்ணீர் நான் எழுதியது. விடிந்ததும் கிளம்பி வந்தது அதைச் சொல்லத்தான். அவரை விட்டுவிடுங்கள், என் பெயரைப் போடுங்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். தங்கையிடம் பொய் சொன்னேன் என்று ஒரு வரி இருக்கிறது. அவள் இரண்டு கேள்வி கேட்டாள். முதல் கேள்விக்கு நான் உண்மையைச் சொன்னேன். இரண்டாவதற்குப் பதில் சொல்லவில்லை. பொய் சொல்வது வேறு, பதில் சொல்லாமல் இருப்பது வேறு. பலர் குழப்பிக்கொள்வார்கள்.