செவ்வாயில் ஒரு மூஞ்சி

— சிரிக்காதீங்க செங்கோட்டையண்ணே. இப்ப நீங்க செத்துப்போன ஆளு.

— செத்தது எங்கண்ணனுங்க. அவருக்குப் பதிலா மூஞ்சி குடுக்க வந்தவன் நானு. கழுத்து வலிக்குதுங்க ஞானதாஸு, சுருக்கா எடுங்க.

— பதில் ஆளுன்னாலும் அசையாம உக்காரணும்ல. உங்கண்ணன் ஒரு போட்டோகூட எடுத்துக்காமப் போயிட்டாரு. தம்பிய வெச்சு நான் அண்ணனைச் செய்யணும். லைட்டைக் கீழ வெச்சா கன்னம் உப்பும், மேல தூக்குனா கண்ணு குழி விழும். மிச்சத்தை நெகட்டிவ்ல பென்சிலால தீட்டிருவேன். ஏம்மா வசந்தாமணி, உங்க வீட்டுக்காரர் சாயல் வந்துருச்சா, பாருங்க.

— அவரு லாரியேறிப் போயி ரெண்டு வருசமாச்சுங்ண்ணா. நான் மூஞ்சியவே மறந்திருப்பன்னு ஊருல பேச்சு. இருந்தாலும் சொல்றனுங்க, இது அவரு சாயல் இல்லீங்க. அவருக்கு இத்தனை யோக்கியக் களை கெடையாது.

— பேச்சக் கேட்டீங்களா? ஞாயித்துக்கெழம காரியம். சமையலுக்கு ஆளு சொல்லியாச்சு, பங்காளிகளுக்குச் சொல்லியாச்சு. மாலை போட ஒரு படம் வேண்டாமுங்களா? நாமக்கல்லுலயே முடிச்சிருப்பன். சேலத்துக்காரருதான் நல்லாச் செய்வாருன்னு அண்ணிதான் இழுத்துட்டு வந்தாங்க. அலைச்சலெல்லாம் எனக்கு.

— பாவமுங்க கொளுந்தனாரு. ஞாயித்துக்கெழம என்ற தாலிய வாங்கோணும், திங்கக்கெழம எங்க காட்டுல ஏரு ஓட்டோணும். ஒத்தை ஆளு எத்தனை வேலைதான் பாப்பாரு.

— ஆம்பள இல்லாத காட்ட ஆராவது பாக்கோணுமல்லங்க அண்ணி.

— ஆம்பள இல்லீன்னு ஆச்சுங்களா?

— சண்டைய வீட்டுல வெச்சுக்குங்க, இங்க நிழல் கெட்டுப்போகும். நான் பிலிம் மாத்தறேன், அதுவரைக்கும் பேப்பரைப் பாருங்க. எமர்ஜென்சின்னு ஒண்ணும் எழுத முடியாத பேப்பர்காரன், செவ்வாய்க் கிரகத்துக்கு மட்டும் அரைப் பக்கம் போட்டிருக்கான்.

— என்னங்க இது, மூஞ்சியாட்ட இருக்குது? கண்ணு, மூக்கு, வாயி. தலைமசுரக்கூட வழிச்சுச் சீவியிருக்குதுங்களே.

— அமெரிக்காக்காரன் அனுப்புன மெசினு மேல சுத்திக்கிட்டே எடுத்ததுண்ணே. அது மூஞ்சி இல்ல, வெறும் மேடு. வெயில் சாய்ஞ்சு விழுந்து பள்ளத்துல நிழல் கட்டியிருக்கு. அந்த மூக்குத் துளை இருக்கு பாருங்க, அது துளைகூட இல்ல. படம் அங்கிருந்து வந்து சேர்றப்ப ஒரு புள்ளி விட்டுப்போச்சாம். எடுத்தவனே நிழலுன்னு சொல்லிட்டான். ஆனா எங்க மாதா கோயில் பங்குல தோமினிக் வாத்தியார் ஒத்துக்க மாட்டேங்கறாரு. அங்க ஆளுங்க இருக்காங்கன்னு பூசை முடிஞ்சு வெளிய வர்றவங்களையெல்லாம் நிறுத்திச் சொல்றாரு.

— இருந்தாப் பாவமுங்க. அங்கயும் கொளுந்தனாருக இருப்பாங்க.

— படிச்ச மடையனுகங்க. கல்லுக்கும் மூஞ்சிக்கும் வித்தியாசம் தெரியாதவனெல்லாம் ராக்கெட்டு உட்டா இப்பிடித்தான். எங்க எருமப்பட்டியில மாடு மேய்க்கறவன்கூட ஏமாற மாட்டான்.

— கண்ணு என்னண்ணே பண்ணும்? மனசுல எதைத் தேடறமோ அதுதான் நிழல்ல தெரியும். உயிர் இருக்கான்னு தேடறவனுக்கு மூஞ்சி தெரியுது.

— செத்தாச் சரீன்னு தேடறவங்களுக்கு என்னங்க தெரியும்?

— அண்ணி, போதுமுங்க. இந்தச் சேலத்து ஏரியில ஒதுங்குன பொணத்தோட போட்டாவ போலீஸ் ஸ்டேசன்ல குடுத்தாங்க. நான் பாத்தன். எங்கண்ணன் நெத்தி. எங்கண்ணன் மீசை. கண்ண மூடித் தூங்கறாப்பல இருந்தாரு. கூடப்பொறந்தவனுக்குத் தெரியாதுங்களா?

— எனக்கும் காட்டுனீங்க, வாசலுக்கு அந்தாண்ட நின்னுட்டு. ஒரே கறுப்பாத் தெரியுதுங்களேன்னன். உத்துப் பாருங்க அண்ணி, தானாத் தெரியும்னீங்க. உத்துப் பாத்தன். தெரிஞ்சுது. நெஞ்சுல அடிச்சுட்டு அழுதன்.

— ஏம்மா, அப்படி ஒரு படம் இருக்குன்னு முதல்லயே சொல்றதுக்கு என்ன? அதை வெச்சே சாயலைப் புடிச்சிருப்பேனே. இவரை ஒரு மணி நேரமா லைட்டுல வேக வெச்சிருக்க வேண்டாம்.

— அதெல்லாம் எதுக்குங்க? செத்த மொகம். ஊட்டுல எங்கியாச்சும் கெடக்கும்.

— எங்கியாச்சும் கெடக்கலீங்க. உங்க பொட்டியில, காட்டுப் பத்தரத்துக்கு அடியில இருந்துச்சு. படம் செய்யறதுக்கு ஆகும்னு உங்க ஊட்டுக்காரி ராசாத்திதான் எடுத்துக் குடுத்தா. வெவரம் பத்தாதுங்க பாவம், நல்ல புள்ள. இந்தாங்ண்ணா.

— அண்ணி, அத இப்பிடிக் குடுங்க.

— அசையாதீங்கண்ணே, போகஸ் போயிரும். கொண்டாங்கம்மா, வெளிச்சத்துல பாப்போம். மாதாவே.

— ஏனுங்ண்ணா? ஏன் இப்பிடி ஆயிட்டீங்க?

— மூலையில ஒரு கோடு ஓடுது பாத்தீங்களா? என் லென்சுல இருக்கற கீறல் அது. கல்யாணப் படம்னா அந்த ஓரத்தை வெட்டிருவேன். பொணத்துக்கு யாரு வெட்டிக்கிட்டு இருக்கறா. இது நான் எடுத்த படம்மா. ஸ்டேசன்ல இருந்து என்னையத்தான் கூப்புடுவாங்க.

— அப்ப நீங்க அவர நேருல பாத்திருக்கறீங்க. சொல்லுங்ண்ணா. தூங்கறாப்பலதான் இருந்தாருங்களா?

— ஞானதாஸு, உங்க வேலையப் பாருங்க. போட்டா எடுக்கறதுக்குத்தான் வந்தம்.

— என் வேலையத்தாண்ணே பாக்கறேன். இந்த மாதிரிக்கு நான் ரெண்டு படம் எடுக்கணும், அதுதான் முறை. கிடந்தபடிக்கு ஒண்ணு, அப்புறம் திருப்பிப் போட்டு மூஞ்சிக்கு ஒண்ணு. ரெண்டையும் சேத்துத்தான் ஸ்டேசன்ல குடுத்தேன்.

— எங்கூட்டுக்கு ஒண்ணுதானுங்களே வந்துச்சு.

— மூஞ்சி இருந்த படத்தை உங்களுக்குக் காட்டியிருக்க மாட்டாரும்மா, ஏன்னா அதுல இருந்தது பல்லெல்லாம் போன ஒரு கிழவரு. இது குப்புறக் கிடந்தப்ப எடுத்தது. நெத்தின்னு இவரு உங்களுக்குக் காட்டுனது பின்மண்டை. மீசைன்னு சொன்னாரு பாருங்க, அது பொடனி மயிரு.