தெமோதரை ஏறவில்லை

பெரகலைக்கு நடக்கிறேன். மழை விடவில்லை. ஒரு காலில்தான் செருப்பு. மற்றது சேற்றில். பின்னால் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பாதி இருக்கிறது. திரும்பிப் பார்க்கவில்லை.

வடக்கில் சண்டை நடந்தபோது அங்கே கல் உடைத்தேன். ஷெல் வருமுன் கூவும். படுக்க நேரம் கிடைக்கும். மலை கூவாது. முதலில் மரம் முறிகிற சத்தம். பிறகு லாரி கல் கொட்டுகிற சத்தம். அது நிற்பதே இல்லை.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கிடைக்கிற ஊரில் கிடைக்கிற வேலை. அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் பூசப் போனேன். இரண்டாம் வகுப்பில் ஏழு பிள்ளைகள். அவர்களுக்கு நிர்மலா டீச்சர். மண் சரிந்தால் வெளியேறுவதை அவர் ரயில் விளையாட்டாகப் பழக்கினார். நீளக் கயிறு. ஏழு முடிச்சு. முடிச்சுக்கு ஒரு ஸ்டேஷன். பதுளை, ஹாலிஎல, தெமோதரை, எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை, ஹப்புத்தளை. டீச்சர் பெயர் கூப்பிடுவார். முடிச்சைப் பிடித்த பிள்ளை "ஏறியாச்சு!" என்று கத்தும். ஒரு ஸ்டேஷன் கத்தாவிட்டாலும் ரயில் கிளம்பாது. அதுதான் சட்டம்.

ஒரு நாள் வாசலில் நின்று, "இஞ்சின் இல்லாம ரயிலா?" என்றேன்.

"அப்ப நீங்களே வாங்கண்ணே," என்றார் டீச்சர்.

"இஞ்சினுக்குத் தொப்பை!" பிள்ளைகள் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து நான்தான் இஞ்சின். கோயில் மேடு வரை கூவிக்கொண்டே இழுப்பேன். பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை. இடைவேளை அப்போதுதான் முடிந்திருந்தது. மேலே மரங்கள் முறிகின்றன. நான் பூசிய சுவர் பிளக்கிறது.

"வெளிய வாங்க! கயித்தப் பிடிங்க!" என்றார் டீச்சர்.

பதுளை ஏறியாச்சு. ஹாலிஎல ஏறியாச்சு.

"தெமோதரை!"

பதில் இல்லை. அது கவிஷனின் முடிச்சு. அவன் பை பெஞ்சில் இருந்தது. கவிஷன் இல்லை.

"நடங்க!" என்று கத்தினேன். ஆறு பேரும் அசையவில்லை.

"தெமோதரை ஏறல மாமா!"

டீச்சர் அந்த முடிச்சைப் பிடித்தார். "தெமோதரை ஏறியாச்சு!" அவரே கத்தினார். ரயில் நகர்ந்தது. அவர் கையை விட்டார். "நீங்க இழுங்கண்ணே. நான் அவனக் கூட்டிட்டு வாறேன்." பின்பக்கம் கக்கூஸை நோக்கி ஓடினார்.

இழுத்தேன். "நான் போறேன் டீச்சர்" என்று சொல்லவில்லை. நேரம் இருந்தது. கயிறு என் கையில். மேடு என் முன்னால். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைத்தான் சொல்ல வேண்டும்.

மேட்டில் கவிஷனின் அம்மா நின்றாள். தோளில் கவிஷன். பிள்ளைக்குக் காய்ச்சல். இடைவேளையில், கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குள் ஓடி வந்து தூக்கிப் போயிருக்கிறாள். பிந்தினால் கங்காணி ஏசுவார். யாரிடமும் சொல்ல நிற்கவில்லை. அங்கே எல்லாத் தாய்மாரும் அப்படித்தான்.

"டீச்சர் எங்கண்ணே?"

கையை நீட்டினேன். நீட்டிய பக்கம் பள்ளிக்கூடம் இல்லை.

பின்னேரம் வரை தோண்டினோம். மேலே மறுபடி சத்தம். ராணுவம் வந்து எல்லாரையும் விலக்கியது. மற்றவர்கள் மேட்டிலேயே காத்திருந்தார்கள். நான் நடந்தேன்.

போனவை: பள்ளிக்கூடம். தொழிலாளர் குடியிருந்த லயம் ஒன்று. லயத்தில் படுத்திருந்த கிழவர் இருவர். கைக்குழந்தை ஒன்று. நிர்மலா டீச்சர். ஏழு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

மறுநாள் காலை. பெரகலைச் சந்தி. மரக்கறி லாரி.

"கயிறு கட்டத் தெரியுமா?" என்றார் முதலாளி.

"தெரியும்."

முட்டைக்கோவா மூட்டைகள் மேல் ஏறினேன். முதல் முடிச்சு. இரண்டாவது. மூன்றாவதில் கை நின்றது.

"என்னப்பா, மூட்டைக்கு மந்திரம் ஓதுறியா? லாரி போகணும்!"

இறுக்கினேன். லாரி கிளம்பியது.