ஆறரை மணிக்கு நம்ம ஏரியா

— நேத்து சாயங்காலம் எத்தனை தடவை ஃபோன் பண்ணேன், பாத்தியா இல்லையா?

— பாத்தேன். ஒன்பது தடவை.

— பாத்துட்டும் எடுக்கலையா? சொந்தத் தம்பி ஃபோனை!

— மின்சார கன்ட்ரோல் ரூம்ல டூட்டி பாக்கறவடா நான். அங்க உக்காந்துக்கிட்டு உன்கூடக் கதை பேச முடியுமா? அதான் காலையிலயே கிளம்பி வந்துட்டேன்ல. ஒரு டீயாவது குடு.

— டீ போடக் கரண்ட் வேணும்க்கா.

— இருக்கே. தலைக்கு மேல ஃபேன் சுத்துது பாரு.

— ஆமா, இப்ப இருக்கும். காலையில, மத்தியானம்னு வஞ்சனையில்லாம இருக்கும். சரியா ஆறரைக்கு, நான் இருநூறு பன்னை ஓவன்ல தள்ளிக் கதவைச் சாத்தினதும்... படக்குன்னு போயிடும்! எனக்கு வாய்ல நல்லா வருது. அக்காவாச்சேன்னு பாக்கறேன்.

— திட்டு, திட்டு. திட்டிட்டு டீயைப் போடு.

— சிரிக்காதக்கா. நேத்து ஆஸ்பத்திரி ஸ்டோர்க்காரர் என்ன சொன்னார் தெரியுமா? ஏழு மணிக்கு வார்டுல பன் இருக்கணும், நீ எட்டேகாலுக்கு, அதுவும் பாதி வெந்ததைக் கொண்டுவந்து நீட்டினா நோயாளிங்க என்ன பண்ணுவாங்கன்னு. இன்னிக்கும் லேட்டானா நாளையிலேர்ந்து வேற பேக்கரியாம். அந்த ஒரு ஆர்டர்லதான்க்கா என் கடையே ஓடுது.

— இன்னிக்கா? இன்னிக்கேவா?

— ஏன், உன்னைக் கேட்டுட்டு நாள் குறிக்கணுமா?

— இல்ல... சும்மா கேட்டேன்.

— பதினெட்டு நாள்ல பதிமூணு நாள் கரண்ட் கட்டு. காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன், நீயே எண்ணிக்க. பழைய அனல்மின் நிலையத்தை மூடினீங்க...

— மூடினது நல்லதுடா. அந்த நிலக்கரிப் புகை...

— கெட்டதுன்னு நான் சொன்னேனா? கை தட்டினவன்தான் நானும். ஒண்ணை மூடினா ஒண்ணைத் திறக்கணுமா வேணாமா?

— திறந்தோமே! கண்ணுக்கெட்டின தூரம் சோலார் போட்டிருக்கோம். பகல்ல மிஞ்சுதுடா, வச்சுக்க இடமில்லாம முழிக்கிறோம்.

— சாயங்காலம்?

— சாயங்காலம் வெயில் போயிடும். அதே நேரத்துல ஊரே வீட்டுக்கு வந்து ஸ்விட்சைப் போடும். பகல் கரண்டைச் சேத்து வைக்கிற அந்தப் பெரிய பேட்டரி மட்டும் வந்துட்டா இந்தத் தொல்லையே...

— வந்துட்டா! போன வருஷமும் இதையேதான் சொன்ன. இப்ப எங்க இருக்கார் அந்த மகாராஜா?

— துறைமுகத்துல.

— அங்க என்ன பண்றார்?

— கையெழுத்துக்குக் காத்திருக்கார்.

— எத்தனை மாசமா?

— ... நாலு.

— அடக் கடவுளே!

— என்கிட்ட ஏன்டா கத்துற? நான் போடவேண்டிய கையெழுத்தா அது? ... ஆமா, உன் சட்டைக் கையில என்ன கரி?

— கரியா? எங்க? ... அது, ரொட்டி கருகிடுச்சு.

— எலக்ட்ரிக் ஓவன்ல ரொட்டி கருகினா முழங்கை வரைக்கும் கரி ஏறுமா? சரி, கொல்லைப்பக்கம் தார்ப்பாய் போட்டு என்னத்த மூடி வச்சிருக்க?

— மைதா மூட்டை.

— மைதா மூட்டையிலேர்ந்து மரப்பட்டை நீட்டிக்கிட்டிருக்கு. வாயைத் திறடா.

— விறகுதான். போதுமா? பழைய செங்கல் அடுப்பை நான் முழுசா இடிக்கவே இல்ல. வாயை மட்டும் பூசி அடைச்சு வச்சிருந்தேன். நேத்து உடைச்சுத் திறந்து ஒரு தடவை எரிச்சுப் பாத்துட்டேன். இன்னிக்கு ஆஸ்பத்திரி பன்னு அதுலதான்.

— அடப்பாவி! ஊர்லயே முதல் புகையில்லாத பேக்கரின்னு எங்க ஆபீஸ் சுவத்துல உன் போட்டோ தொங்குதுடா!

— கழட்டி அனுப்பு. அடுப்பு பத்தவைக்க ஆகும்.

— உன் பொண்டாட்டிக்கு இருமல் நின்னு எட்டு மாசந்தான் ஆகுது. அதாவது ஞாபகம் இருக்கா? படுக்க முடியாம உக்காந்துக்கிட்டே தூங்குவாளே...

— ஞாபகம் இல்லாமலா அவளை மத்தியானமே அவ அம்மா வீட்டுக்கு அனுப்பறேன்? விறகு விஷயம் அவளுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் இது ஆசையாக்கா? நீ மாத்துன்ன, மாத்தினேன். அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு கண்ணை மூடிக்கிட்டு மாத்தினேன். இப்ப பாரு, ஊர்ல இருக்கிற எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கறேன்.

— விறகைத் தொடாத. இன்னிக்குக் கரண்ட் போகாது.

— இதைத்தான் லைன்மேனும் சொன்னார். புகார் ஆபீஸ்லயும் சொன்னாங்க. ஒருத்தர் விடாம எல்லாரும்...

— நான் சொல்றேன்டா. போகாது.

— நீ எப்படிச் சொல்ல முடியும்? எல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்குதுன்னு நீதானே சொன்ன?

— எவ்வளவு குறைக்கணும்னு கம்ப்யூட்டர் சொல்லும்.

— எந்த ஏரியாவுல நிறுத்தணும்னு?

— அது... ஷிஃப்ட்ல இருக்கறவங்க.

— சாயங்கால ஷிஃப்ட்ல யாரு?

— டீ ஆறிடப் போகுது.

— நான் இன்னும் டீயே போடல. யாருக்கா?

— ... நான்தான்.

— இந்தப் பதிமூணு நாளுமா?

— பதிமூணு நாளும்.

— நீயா? கூடப் பொறந்தவளா? நான் பாவம் அந்த லைன்மேனைப் புடிச்சு வாய்க்கு வந்தபடி பேசிக்கிட்டிருக்கேன்... நீ அங்க உக்காந்து என் ஓவனை அணைச்சுட்டு, என் ஃபோன் அடிக்கறதையும் பாத்துக்கிட்டே... சீ! ஊர்ல வேற இடமே இல்லையா? பங்களா ஏரியா இருக்கு, மார்க்கெட் ஏரியா இருக்கு. ஏன்க்கா எப்பவும் என் ஏரியா?

— பங்களா ஏரியாவை நிறுத்தினா அஞ்சே நிமிஷத்துல மந்திரிக்கு ஃபோன் போகும். மார்க்கெட்டை நிறுத்தினா எங்க பெரிய ஆபீசருக்குப் போகும். மறுநாளே அந்த நிலக்கரி நிலையத்தைத் திரும்பத் திறன்னு ஆரம்பிச்சிடுவாங்க. உன் ஏரியாவை நிறுத்தினா... எனக்கு மட்டும்தான்டா ஃபோன் வரும்.