கைப்பிடி இல்லாத ஊரு

கேக்கறேன், நீங்களே நியாயத்தச் சொல்லுங்கண்ணே. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு மலையவே குடைஞ்சு ஊரு பண்ணியிருக்கானுங்க. அரண்மனை குடைஞ்சான், அடுப்பு குடைஞ்சான், சாமி கும்பிட மண்டபம் குடைஞ்சான், ஒயினுக்குத் திராட்சை மிதிக்கத் தொட்டி குடைஞ்சான். எல்லாம் சரி. ஒரு கைப்பிடி குடைஞ்சானா? ஓரத்துல ஒரு சாண் உசரத்துக்கு ஒரு சுவரு? ம்ஹும்! வலது பக்கம் பாறை, இடது பக்கம் ஆகாசம், கீழ ஆறு. அவ்வளவுதான். அதுல எப்படித்தான் குழந்தை குட்டிய வளத்தானுங்களோ!

அந்த ஆப்பிள் பையை மடியிலேயே வெச்சுக்கங்கண்ணே, பரவால்ல. எனக்கு இடம் போதும். கோரியில வேன் ஏறினதிலேருந்து என் மீசையவே பாக்கறீங்க... தெரியுது, தெரியுது. பாருங்க. பாக்க வேண்டிய மீசைதான். காலையில இது காக்கா கறுப்பு. இப்போ பாதி என் சட்டையில இருக்கு. சாயம்ணே! பெட்டியில 'இயற்கையான கருமை'ன்னு போட்டிருந்தான். இயற்கையா மழை வந்துச்சு, இயற்கையா ஓடிப்போச்சு.

இந்தக் குகை ஊரு உப்லிஸ்த்சிகேக்கு நான் போனது இதுதான் முதல் தடவை. சிரிக்காதீங்க! திபிலிசியில பொறந்து வளந்தவன், ஒண்ணரை மணி நேரத்துல இருக்கற ஊரு, இத்தனை வயசாகியும் எட்டிப் பாக்கல. ஏன்னா... எனக்கு உசரம் ஆகாது. பல்பு மாத்த ஸ்டூல்ல ஏறினாலே உள்ளங்கால் கூசும். முர்மான்னு பேரு எனக்கு. மெட்ரோ ரயில் ஓட்டினவன். பூமிக்கடியிலயே காலம் போச்சு. அங்க தலைக்கு மேல கூரை, ரெண்டு பக்கமும் சுவரு, கீழ தண்டவாளம். எங்க விழுவீங்க? விழவே முடியாது. மனுஷன் பொழைக்கறதுக்குன்னே கடவுள் கண்டுபிடிச்ச இடம்.

அப்புறம் ஏன் போனேன்னு கேக்கறீங்களா... எல்லாம் இந்த வாய்! இந்த வாய வெட்டி நாய்க்குப் போட்டா நாயே முகர்ந்துட்டுப் போயிடும்.

எங்க கட்டடத்துல லிஃப்ட் பாதி நாள் தூங்கும். ஒருநாள் கீழ்வீட்டு சியாலா மூட்டையைத் தூக்கிட்டு மூச்சு வாங்க ஏறிட்டிருக்கா. நான் சும்மா இருந்திருக்கலாம் இல்ல? மூட்டையை வாங்கினோமா, வெச்சோமா, கதவச் சாத்தினோமான்னு. "என்ன சியாலா, இந்த நாலு மாடிக்கே இப்படி? நான்லாம் வயசுல கஸ்பெக் மலை உச்சி வரைக்கும் ஏறினவன்"னேன். எதுக்கு? யாரு கேட்டா? கஸ்பெக் மலைய நான் பாத்தது காலண்டர்லண்ணே! ஒரு தடவை நேர்லயும் போனேன், அடிவாரத்து பெஞ்சுல உக்காந்தேன், மலை முழுக்க மேகம். அதையும் பாக்கல!

அவ சும்மா தலையாட்டினா. ஒரு வாரம் கழிச்சுக் கதவத் தட்டறா. "முர்மான், உங்க சம்சாரம் லியானா போயிச் சேர்ந்து எத்தனை வருஷமாச்சு? எத்தனை நாளைக்கு இப்படி ரொட்டியும் சீஸும் தின்னுட்டுக் கெடப்பீங்க? கோரியில என் அத்தை பொண்ணு நஸிப்ரோலா இருக்கா. பள்ளிக்கூடத்துல விளையாட்டு டீச்சரா இருந்தவ. புருஷன் இல்ல. நீங்க மலையேறறவர்னு சொல்லிட்டேன். ரொம்ப சந்தோஷப்பட்டா"ங்கறா. மலையேறறவர்! பாவம், அந்தம்மா சும்மா ஒரு டீக்கடையில பாக்கலாம்னுதான் நெனச்சுதாம். இவ சொன்னதக் கேட்டுட்டு, "அப்படிப்பட்டவரை டீக்கடையில உக்கார வெச்சா நல்லாவா இருக்கும், உப்லிஸ்த்சிகே கூட்டிட்டுப் போறேன்"னு சொல்லிடுச்சு. புரியுதா? டீயும் கேக்கும் சாப்பிட்டிருக்க வேண்டியவன் நான்!

குடுங்க, கொறிக்க ஒரு கை சூரியகாந்தி விதை குடுங்க. பேசினா வாய் உலருது.

சரி, போனேன். எப்படிப் போனேன்? வெள்ளைச் சட்டை. மீசைக்குச் சாயம். கால்ல... கால்ல என் கல்யாண ஷூ! தோல் அடிப்பாகம், கண்ணாடி மாதிரி பாலிஷ். பாறை ஏறப் போறவன் போடற செருப்பா அது? அந்தம்மா கேன்வாஸ் ஷூ போட்டு, முதுகுல பை மாட்டிட்டு நிக்குது. நல்லா நெடுநெடுன்னு, நரைச்ச முடிய ஒட்ட வெட்டிக்கிட்டு. சாயம் கீயம் ஒண்ணும் கெடையாது. என் ஷூவ ஒரு பார்வை பாத்துச்சு. "கஸ்பெக்கும் இதுலதான் ஏறினீங்களா?"ன்னு கேட்டுச்சு. நான் என்ன சொன்னேன்னு நெனக்கறீங்க? "பழகிட்டா எல்லாம் ஒண்ணுதாங்க"ன்னேன். சொல்லுவேன்ணே! இதுவும் சொல்லுவேன், இதுக்கு மேலயும் சொல்லுவேன்!

கீழ கொஞ்ச தூரம் படி இருக்கு, பிடிச்சுக்கக் கம்பி இருக்கு. அது வரைக்கும் நான் ராஜா. அதுக்கு மேல வழுக்கைப் பாறை. காத்து வேற, சட்டையப் பிடிச்சு இழுக்குது. அந்தம்மா ஆடு மாதிரி போகுது, நின்னு திரும்பிப் பேசுது, கைய நீட்டி எதையோ காட்டுது. நான் குகைக்குள்ள நுழைஞ்சு நுழைஞ்சு நிக்கறேன். "என்ன பாக்கறீங்க?"ன்னு கேட்டுச்சு. "இந்தக் கூரையில ஒரு வேலைப்பாடு இருக்குங்க, பாத்தீங்களா"ன்னேன். வந்து பாத்துட்டு, "அது வவ்வால் எச்சம்"ங்குது!

மேல பெரிய மண்டபம் தாண்டி ஒரு செங்கல் சர்ச் இருக்கு, உச்சியில. அதுக்கும் மண்டபத்துக்கும் நடுவுலதான் மழை பிடிச்சுது. தூறல்தான். ஆனா பாறை நனைஞ்சதும் என் ஷூ தனியா ஒரு பக்கம் கெளம்பிடுச்சு. நான் கீழ பாத்துட்டேன்ணே. பாக்கக் கூடாதுன்னு காலையிலேருந்து வெச்சிருந்தேன், பாத்துட்டேன். ஆறு தெரியுது, ஆத்தோரத்து மரம் தெரியுது, மரத்து மேல பறக்கற காக்காவோட முதுகு தெரியுது. காக்காவோட முதுகு! அத நான் ஏன் பாக்கணும்?

அவ்வளவுதான். நாலு காலும் தரையில. ஆமாம், கையும் காலுந்தான். அந்த நேரத்துலதானா ஒரு சுற்றுலாக் கூட்டம் வரணும்? வெளிநாட்டுக்காரங்க, குடை பிடிச்சுக்கிட்டு. ஒரு பாட்டி என்னைப் பாத்துட்டு நெஞ்சுல கை வெச்சு, கண்ண மூடி, தலை குனியறா. நான் மண்டி போட்டுப் பிரார்த்தனை பண்றேன்னு நெனச்சுட்டா! ரெண்டு பேரு போட்டோ வேற எடுத்துக்கிட்டாங்க. இனிமே ஏதோ ஒரு நாட்டுல, ஏதோ ஒரு வீட்டுல, அலமாரிக்கு மேல நான் நாலு கால்ல நிப்பேன்.

பக்கத்துல ஒரு வட்டமான குழி. திராட்சை மிதிக்கற தொட்டி. நான் அப்படியே உருண்டு அதுக்குள்ள இறங்கிட்டேன். கணுக்கால் அளவு பழைய மழைத்தண்ணி. இருக்கட்டுமே! நாலு பக்கமும் சுவருண்ணே! அன்னைக்கு முதல் தடவையா ஒழுங்கா மூச்சு விட்டேன். அந்தம்மா ஓடி வந்து குனிஞ்சு பாத்துது, மூஞ்சி வெளுத்துப்போச்சு. "ஐயோ, மூக்குலேருந்து என்னமோ கறுப்பா வருதே!"ன்னு கத்துது. சாயம்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. சாயத்தச் சொன்னதும் எல்லாமே வந்துடுச்சு. கஸ்பெக்கு, காலண்டரு, பெஞ்சு, ஸ்டூலு, எல்லாம். குழிக்குள்ள நின்னுக்கிட்டு, மேல பாத்து, கொட்டிட்டேன்.

திட்டும்னு நெனச்சேன். போயிடும்னு நெனச்சேன். என்ன பண்ணுச்சு தெரியுமா? குழி ஓரத்துல காலத் தொங்கப்போட்டு உக்காந்துச்சு. பையைத் திறந்துச்சு. கத்தரிக்காய்ச் சுருட்டி உள்ள வால்நட் விழுது வெச்சது, அவிச்ச முட்டை, சீஸ் ரொட்டி, ஒரு பாட்டில்ல வீட்டு ஒயின். ஒண்ணொண்ணா எடுத்து எடுத்து எனக்குக் கீழ நீட்டுது. கிணத்துல விழுந்த ஆட்டுக்குத் தழை போடற மாதிரி. நான் தின்னேன்ணே. வெக்கமில்லாம தின்னேன்.

விருந்துன்னா கோப்பையத் தூக்கிப் பேசறதுக்கு எங்க தெருவுல என்னைத்தான் கூப்பிடுவாங்க. பேச ஆரம்பிச்சா சூப் ஆறிடும், ஆட்டுக்கறி ஆறிடும், மாப்பிள்ளை தூங்கிடுவான். அன்னைக்குக் குழிக்குள்ளேருந்து கோப்பையத் தூக்கினேன். "போனவங்களுக்காக"ன்னேன். அதுக்கு மேல வரல. லியானா மூஞ்சி வந்துச்சு. அந்தம்மாவும் குடிச்சுது. ஆத்தப் பாத்துக்கிட்டே சொல்லுச்சு: "என் வீட்டுல நல்ல மேஜை இருக்குங்க. ஆனா நான் அடுப்புகிட்ட நின்னே சாப்பிட்டு முடிச்சிடறேன். ஒருத்திக்கு எதுக்கு மேஜை?"

நானும் அப்படித்தாங்க, சட்டியிலேருந்தே தின்னுடுவேன்னு சொன்னேன். சிரிச்சுது. அழகான சிரிப்புண்ணே... சரி, அத விடுங்க.

இறங்கணுமே! வந்த வழியில திரும்பக் கால வைக்க மாட்டேன்னுட்டேன். "இன்னொரு வழி இருக்கு. மலைக்குள்ளயே ஆத்துப் பக்கம் இறங்கற சுரங்கம். ஆனா இருட்டா இருக்கும்"னுச்சு. இருட்டா! சுரங்கமா! எங்க, எங்கன்னு குழியிலேருந்து தாவிட்டேன். உள்ள நுழைஞ்சதும் பாக்கணுமே என்னை. நிமிந்து நடக்கறேன். "தள்ளி நில்லுங்க, கதவு மூடுது. அடுத்த நிலையம், ஆத்தங்கரை!"ன்னு ரயில் அறிவிப்பு மாதிரி குரல் குடுக்கறேன். எதிரொலி கணீர்னு வருது. பின்னாடி சத்தமே இல்ல. திரும்பினா அந்தம்மா சுவத்த ஒட்டி நிக்குது. கண்ண இறுக்க மூடியிருக்கு. கையப் பிடிச்சேன், ஐஸ்கட்டி. அப்பத்தான் சொல்லுது: சின்ன வயசுலேருந்தே அடைஞ்ச இடம்னா பயமாம். எத்தனையோ தடவை பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களக் கூட்டி வந்திருக்காம், இந்தச் சுரங்கத்துக்குள்ள மட்டும் கால வெச்சதில்லையாம். எப்பவும் சுத்தித்தான் போகுமாம்.

எனக்காக வந்திருக்குண்ணே! நாலு கால்ல போனவனுக்காக!

கையப் பிடிச்சபடியே கூட்டிட்டு வந்தேன். வெளிச்சம் வந்த பிறகும் ரெண்டு பேரும் கைய விடல. மறந்துட்டோம்னு வெச்சுக்கங்களேன்.

டாக்சி பிடிச்சுக் கோரி வந்தோம். அந்தம்மா வீட்டு முனையில வண்டி நின்னுச்சு. "மேல வாங்க. காலையிலயே லோபியோ வெச்சுட்டேன், அடுப்புல இருக்கு. உங்களுக்குக் கொத்தமல்லி ஆகாதாமே, சியாலா சொன்னா, போடல. அந்தச் சட்டையையும் குடுங்க, அலசிப் போடறேன்"னுச்சு. யோசிச்சுப் பாருங்கண்ணே. என் மூஞ்சியக்கூடப் பாக்கறதுக்கு முன்னாடி, ராத்திரியே லோபியோவுக்குப் பீன்ஸ ஊறப் போட்டு, காலையில எழுந்து கொதிக்க வெச்சு, கொத்தமல்லிய எடுத்துக் கையில வெச்சுக்கிட்டு, வேண்டாம்னு திரும்ப வெச்சிருக்கு.

எனக்கு என்ன ஆச்சோ தெரியல. காக்கா முதுகப் பாத்தப்ப வந்துச்சே, அதே மாதிரி உள்ளங்கால் கூசிப்போச்சு. டாக்சியில உக்காந்திருக்கேன், தரையிலதான் இருக்கேன், ஆனாலும் கூசுது. "இல்லீங்க, எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு"ன்னேன்.

மீட்டிங்! எனக்கு! ஞாயித்துக்கிழமை! யாரோட மீட்டிங்? லிஃப்டோடயா?

அந்தம்மா "சரி"ன்னுச்சு. அவ்வளவுதான், "சரி". பையத் தோள்ல மாட்டிட்டு மாடி ஏறிப் போச்சு. நான் ஓட்டமா ஓடி வந்து இந்த வேன்ல ஏறிட்டேன். பாத்தீங்களா, எப்படி ஒரு நாளப் பாழாக்கிட்டானுங்க! மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஒரு கைப்பிடி வெச்சிருந்தா...

என்ன? என்ன கேட்டீங்க?

இத்தனை நேரம் வாயத் திறக்கல, இப்ப வாயத் திறந்து இப்படியா கேப்பீங்க?

...அதான். எதுக்குத்தான் அங்கேருந்து ஓடி வந்தேன்? பாறையா என்னை இந்த வேன்ல ஏத்துச்சு? நான்தானே ஏறினேன். மழையா மீட்டிங்குன்னு சொல்லுச்சு? நான்தானே சொன்னேன். வீட்டுக்குப் போயி என்ன பண்ணப் போறேன், சட்டியில ஒட்டியிருக்கறதச் சொரண்டப் போறேன். அங்க ஒருத்தி இப்ப அடுப்பப் பத்த வெச்சிருப்பா... நின்னுக்கிட்டே...

அண்ணே, இது எந்த ஊரு? இகோயெத்தியா? இங்கேருந்து கோரிக்குத் திரும்ப வண்டி கிடைக்குமா? கிடைக்கும்தானே? டிரைவர் தம்பி! நிறுத்து! நிறுத்துப்பா! ஓரமா நிறுத்து, நான் இறங்கணும்! ஆமாம், இங்கயேதான், நடு ரோட்டுலதான்! பைத்தியம்தான்ப்பா, நிறுத்து!

நவுருங்கண்ணே, கால நவுத்துங்க... ஐயோ, உங்க ஆப்பிளு! மன்னிச்சுக்கங்க, ஒண்ணு அந்தப் பக்கம் உருண்டுடுச்சு, அந்த சீட்டுல இருக்கற பாட்டி காலுகிட்ட...

என்ன சொல்லுவேன்னா? ஆமாம், போயி நின்னா ஏதாவது சொல்லணுமே. மீட்டிங் ரத்தாயிடுச்சுன்னு சொல்லிடறேன். இல்ல... வேண்டாம். வேண்டாம்ணே.

பசிக்குதுன்னு சொல்றேன். உக்காந்து சாப்பிடலாமான்னு கேக்கறேன்.