சுவரைப் பார்த்த சப்பாத்துகள்

மெழுகு பூசிய மரத்தரைக்கு முதல் எதிரி சப்பாத்து. அதனால்தான் எங்கள் அரண்மனைக்கு வருகிறவர்களுக்கு, சப்பாத்தின் மேலே மாட்டிக்கொள்ள ஒரு கம்பளிச் செருப்புக் கொடுப்போம். இருபத்தாறு வருஷமாக அதைக் கொடுத்து, ஆட்களைக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டியவன் நான், கல்யாணசுந்தரம்.

எங்கள் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அது பிரபு வீட்டாருடையது. அவர்களைப் போன்ற பகட்டுக்காரரை நான் கண்டதில்லை. மேற்குச் சுவரில் ஏழு ஜன்னல் இருந்தால் கிழக்கிலும் ஏழு இருக்க வேண்டுமாம்; இடம் போதாததால் மூன்றை வர்ணத்தால் வரைந்து வைத்தார்கள். விறகு போடுகிறவனின் முகத்தைப் பார்த்தால் தீட்டு என்பதுபோல, சுவருக்குள்ளேயே அவனுக்கு ஒரு இடுக்குப் பாதை. கணப்புக்குப் பின்பக்கத்தால்தான் விறகு போட வேண்டும். அந்தப் பாதையின் கதவிலும் சுவரில் ஒட்டிய அதே பட்டுத்துணியையே ஒட்டியிருக்கிறார்கள், கதவு இருப்பதே தெரியாது. தாழ்ப்பாள் மண்டபப் பக்கம் மட்டும். கூப்பிடாமல் வேலைக்காரன் வந்துவிடக்கூடாது அல்லவா. அவன் வந்த மறுமுனை வாசலை இப்போது செங்கல் வைத்து அடைத்தாயிற்று.

இப்படிப்பட்ட வீட்டில் உண்மையானவை தூண்கள் மட்டும்தான். இத்தாலியிலிருந்து மாட்டுவண்டியில் மலை தாண்டி வந்த சலவைக்கல். நான் அதைச் சொல்லும்போது சனம் வாயைப் பிளக்கும்.

சஜிதா இங்கே ஜேர்மனியிலேயே, வுப்பர்டாலில் பிறந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை. பழைய கடிதங்களை ஒழுங்குபடுத்தப் பிரபு வீட்டார் அவளை வேலைக்கு எடுத்தார்கள். ஒருநாள் வந்து சொன்னாள்: “மாமா, தூண் முழுக்கச் செங்கல். மேலே நிறச் சாந்து பூசி மினுக்கியிருக்கினம். கட்டினவரின்ரை கடிதமே இருக்கு. இனி அந்த மாட்டுவண்டிக் கதையைச் சொல்லாதேங்கோ.”

“ஓம் பிள்ளை,” என்றேன். அடுத்த சுற்றிலும் சொன்னேன். அவள் கூட்டத்துக்குள் வந்து, கல் என்றால் குளிரும், இது குளிராது, தொட்டுப் பாருங்கள் என்று டொச் மொழியில் சொன்னாள். நாற்பது பேர் தொட்டார்கள். நாற்பது பேரும் சிரித்தார்கள். வசந்தத்தில் திறக்கும்போது என் இடத்தில் அவளே நின்று விளக்கம் சொல்வாள் என்றும் முடிவாகிவிட்டது.

எனக்குக் கோபமில்லை. படித்த பிள்ளைக்குக் கொஞ்சம் அடக்கம் வேண்டும், அவ்வளவுதான். குளிர்காலத்துக்கு அரண்மனையைப் பூட்டும் அன்று மத்தியானம், இடுக்குப் பாதைக்குள் கட்டினவரின் கையெழுத்து இருக்கிறது என்றேன். அவளுடைய கைபேசி வாசற்பெட்டியில் இருந்தது. உள்ளே கொண்டுபோகத் தடை, சட்டம் எல்லோருக்கும் ஒன்று. குனிந்து நுழையும் வாசலைக் கண்டதும் கோயில் என்று நினைத்தாளோ என்னவோ, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள். தாய் நன்றாகப் பழக்கியிருக்கிறாள். நான் தாழ்ப்பாளைப் போட்டேன்.

சுவர் தடிப்பானது. காதை ஒட்டி வைத்தால்தான் தட்டுவது கேட்கும். நாலு நாள் வைத்துப் பார்த்தேன்.

மகளைக் காணவில்லை என்று தாய் முறையிட்டு ஒன்பதாம் நாள் வந்த பொலிஸ் அதிகாரி, சப்பாத்துகளை ஏன் ஒளிக்கவில்லை என்று மூன்று தரம் கேட்டுவிட்டார். வெறும் சுவரைப் பார்த்து ஒரு சோடி இருந்ததால்தானே கதவைக் கண்டுபிடித்தார். மொழிபெயர்க்க வந்த உங்களுக்கு விளங்கும், அவருக்கு விளங்காது. உள்ளே ஆள் இருக்கும்போது வாசலில் கிடக்கிற சப்பாத்தை எடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. கோணலாகக் கிடந்ததை நேராக்கினேன். தினமும் தூசி தட்டினேன்.

பிள்ளை இறந்தது என்னால்தான், மறுக்கவில்லை. ஆனால் பெருமைக்காகச் செய்தேன் என்று மட்டும் அவர் எழுத வேண்டாம். அந்த நோய் பிரபு வீட்டாருக்குத்தான். இன்னொன்றும் சொல்லுங்கள்: தூண்கள் இத்தாலியக் கல்தான். கணப்பு அணைந்து இப்போது இரண்டு கிழமை ஆகிறது. போய்த் தொட்டுப் பார்க்கட்டும், குளிரும்.