வயருக்கேற்ற பியூஸ்

பியூஸ் விஷயத்தில் பலரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள், ஐயா. ஆம்ப்ளிபயர் பெட்டியைப் பார்த்துப் பியூஸ் போடுகிறார்கள். வயரைப் பார்த்துத்தான் போட வேண்டும். மெல்லிய வயருக்கு மெல்லிய பியூஸ். கரண்ட் அளவு மீறினால், வயர் சூடேறுவதற்கு முன்னால் பியூஸ் உருகி அறுந்துவிடும். தெரியாமல் செய்துவிட்டான் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். அப்படி எழுத வேண்டாம். எனக்குத் தெரியும்.

சுருட்டுக் கம்பெனியின் விளம்பர வேனுக்கு மைக் செட் கட்டுகிறவன் நான். எஸ்.எஸ்.எல்.சி.யில் தோற்று, மில்லில் ராத்திரி ஷிப்டு பார்த்து, அதையும் விட்டுவிட்டு இதற்கு வந்தேன். பேட்டரி முன்னால், டிரைவர் மீரானின் சீட்டுக்குக் கீழே இருக்கும். தகரத் தடுப்புக்குப் பின்னால் ஆம்ப்ளிபயர், மைக், விளம்பரம் பேசுகிற ஞானதாஸ். கூரையில் இரண்டு ஹாரன் ஸ்பீக்கர். ஞானதாஸ் பேசும்போது பின்கதவைச் சாத்திவிட வேண்டும். திறந்திருந்தால் ஹாரன் சத்தம் மைக்கில் ஏறி ஊளையிடும். சாத்துவது என் வேலை. உள்ளே அவனைச் சுற்றி நோட்டீஸ் கட்டுகள், சாக்குகள், வழித்தேவைக்கு ஒரு டின் பெட்ரோல். அந்த டின்னை நான் வைக்கவில்லை. எப்போதும் அங்கேதான் இருக்கும்.

அவனுக்கு நல்ல குரல். அதை நான் மறுக்கவில்லை. மைக் சோதிக்க மற்றவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று சொல்வார்கள். அவன் என்னைச் சொல்வான்.

“ஹலோ, ஹலோ. பத்தாங்கிளாசுல கோட்டடிச்ச நம்ம சின்னக்கண்ணு வயர் கட்டியிருக்காரு. சத்தம் வருதா, பொக வருதா?”

சந்தை சிரிக்கும். அடுத்து ஷாக் அடித்தவன் மாதிரி அலறுவான். “ஏலே சின்னக்கண்ணு, காப்பாத்துறா, சாகப்போறேன்!” பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். எந்த ஊர்ச் சந்தைக்குப் போனாலும் இதுதான். சுருட்டு விற்றதோ இல்லையோ, என் பெயர் ஜில்லா முழுக்கப் போய்ச் சேர்ந்தது. கேட்டால், “வெளையாட்டுக்குத்தான அப்பு, இம்புட்டுக்குப் போயா மூஞ்சியத் தூக்குற?” என்பான்.

ஆடியில் என் மனைவி சிவனம்மாள் நெய்க்காரப்பட்டிக்குத் தாய்வீடு போய்விட்டாள். சின்ன விஷயம்தான். கொஞ்சம் கை நீட்டிவிட்டேன். அதை ஒருநாள் ஞானதாஸிடம் வாய்விட்டுச் சொன்னது என் தப்பு. பலமுறை போய்க் கூப்பிட்டபின் வருவதாகச் சொன்னாள். பழனி பஸ்ஸுக்காக நான் பூ வாங்கிக்கொண்டு ஸ்டாண்டில் நின்றேன். எங்கள் வேனும் அங்கேதான் நின்றது. பஸ் வந்து நின்றது. அவள் துணிப்பையோடு இறங்கி மண்ணில் கால் வைத்தாள். திருவிழாவில் தொலைந்த பிள்ளைக்கு அறிவிப்பார்களே, அந்தக் குரலில் ஞானதாஸ் மைக்கில் ஆரம்பித்தான்.

“காணவில்லை. நெய்க்காரப்பட்டி சிவனம்மாள், சின்னக்கண்ணு சம்சாரம், எங்கிருந்தாலும் உடனடியாகச் சுருட்டு வேனுக்கு வரவும். புருசன் அழுதுக்கிட்டு நிக்கிறாரு. இனிமே அடிக்க மாட்டாராம். கேரண்டி.”

ஸ்டாண்டே சிரித்தது. கண்டக்டர் கூடச் சிரித்தார்.

“இந்த ஊருல நான் எப்படீங்க தல நிமுந்து நடக்கறது?” என்று மட்டும் கேட்டாள். அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் பூவைச் சாக்கடையில் போட்டேன். சத்தம் போடவில்லை. நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை.

அடுத்த வாரம் முதலாளி பெரிய ஆம்ப்ளிபயர் வாங்கிக் கொடுத்தார். அதற்குத் தடித்த செம்பு வயர் வேண்டும். ஜமால் முகமது கடையில், வீட்டு விளக்குக்கு இழுக்கும் மெல்லிய வயரும் பெரிய பியூஸும் கேட்டேன்.

“தம்பி, இந்த வயருக்கு இந்தப் பியூஸ் ஆகாதே.”

“ரெண்டும் வேற வேற வேலைக்கு, பாய்.”

பொய் சொன்னேன். இரண்டையும் வேனில்தான் போட்டேன். வயரை நோட்டீஸ் கட்டுகளுக்கு அடியில் ஓட்டினேன். மெதுவாகப் பேசினால் அது தாங்கும். கத்தினால் பெட்டி அதிகமாகக் கரண்ட் இழுக்கும், வயர் பழுக்கும், பியூஸ் அசையாது. ஆகவே அவன் கையில்தான் எல்லாம் இருந்தது. அவன் நாகரிகமாகப் பேசியிருக்கலாம்.

சந்தையில் வேனை நிறுத்தியதும் மீரானை டீ குடிக்க அனுப்பினேன். கதவைச் சாத்தினேன். ஞானதாஸ் வழக்கம்போல என்னில் ஆரம்பித்து, சுருட்டுக்குப் போய், மறுபடி என்னிடம் வந்தான். வெகுநேரம் கத்தினான். பிறகு இருமினான்.

“ஏலே சின்னக்கண்ணு, கதவத் தொறடா. பொகையுதுடா.”

சந்தை சிரித்தது.

“சத்தியமாடா. நெருப்புடா. யாராச்சும் தொறங்கய்யா!”

“இன்னைக்கி நெசமாவே அழுகுற மாதிரி பண்றான் பாரு, எடுபட்ட பய,” என்றாள் வெற்றிலைக்காரி. அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் பழக்கிவைத்த சிரிப்பு அது. அவன் கத்தக் கத்தப் பெட்டி இழுத்தது. கடைசியில் என்னை அண்ணே என்றான். “சின்னக்கண்ணண்ணே” என்று இரண்டு ஹாரனிலும் கேட்டது. எனக்கு மரியாதை கொடுத்து அவன் பேசியது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு பெட்ரோல் பற்றிக்கொண்டது. சிரிப்பு நிற்க அதற்கு மேலும் கொஞ்ச நேரம் ஆனது.

கதவு எனக்குக் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். திறந்து, அதுவும் விளையாட்டாக இருந்திருந்தால்? மறுபடி என்னைப் பார்த்துத்தான் சிரித்திருப்பார்கள். அவன் சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை, ஐயா. பெட்டி எரிய வேண்டும், அந்தக் குரல் நிற்க வேண்டும், என் மனைவி வீட்டுக்கு வர வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. புகை வந்ததும் கதவைத் திறந்துகொண்டு அவன் வெளியே குதித்துவிடுவான் என்றுதான் நம்பியிருந்தேன்.

என் சட்டைப்பையில் நீங்கள் எடுத்த இரும்புத் துண்டு, அந்தக் கதவின் உள்பக்கக் கைப்பிடிதான். அன்று காலையில் நான்தான் கழற்றினேன். அது லொடலொடவென்று ஆடும். அந்தச் சத்தம் மைக்கில் கேட்கும்.